ஓடக் கூடாத கன்வெர்ட்டர்

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நடந்ததை நடந்த நேரத்தோடு எழுதி வைப்பேன். ஏழாம் வகுப்பில், யாரோ கொடுத்த பழைய டைரி ஒன்றில் ஆரம்பித்தது, இன்றுவரை நிற்கவில்லை. எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர் எந்தக் கிழமை தீர்ந்தது, முத்தியால்பேட்டையில் எந்த மழைக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் போனது, பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் ஏணியை எப்போது வாங்கிப் போனார், எல்லாம் என்னிடம் இருக்கிறது. (ஏணி இன்னும் வரவில்லை. அதையும் எழுதியிருக்கிறேன்.)

இப்படி எழுதுகிறவர்களுக்கு நாளடைவில் ஒரு மிதப்பு வந்துவிடும். எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறவள் தவறு செய்ய மாட்டாள் என்கிற மிதப்பு. என்னுடைய மிதப்பு நோணாங்குப்பம் உப்பங்கழியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11.07க்கு இறங்கியது. நேரத்தில் சந்தேகம் வேண்டாம். இறங்கும்போது எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சென்னையில் எம்.டெக். முடித்துவிட்டு, எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தை வேண்டிய அளவுக்கு ஏற்றியோ இறக்கியோ கொடுக்கும் கன்வெர்ட்டர்கள் அங்கே தயாராகும். மொத்தம் பதினோரு பேர். அதில் ஒருத்தி என் அம்மா.

அம்மா பெயர் கோமதி. சுற்றும் பிரிவின் தலைவி. கறுப்பான ஒரு காந்தக் கட்டியின் மேல் செப்புக் கம்பியைச் சுற்றி ‘காயில்’ செய்வது அந்தப் பிரிவின் வேலை. அவளும் இன்னும் மூன்று பெண்களும். பத்தொன்பது வருடமாகச் சுற்றுகிறாள். சுற்றும்போது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வாள், பதிலுக்குத் திட்டவும் செய்வாள், ஆனால் எத்தனையாவது சுற்று என்பது மட்டும் தவறாது. நான் எம்.டெக். படித்ததே அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான்.

முதலாளி லூர்துநாதன். எல்லோருக்கும் ‘முசே’, பிரெஞ்சில் ஐயா. இளமையில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எழுபது வயதிலும் முதுகு வளையாது. அவருக்கு நம்பிக்கை இரண்டு பேர் மேல்: ஒன்று மாதா, இன்னொன்று காகிதம். முத்திரை குத்தி மூன்று பிரதி எடுக்காத எதுவும் இந்த உலகத்தில் நடக்கவே இல்லை என்பது அவர் கட்சி. கம்பெனியில் கழிப்பறைச் சாவி வாங்குவதற்குக்கூட ஒரு படிவம் இருந்தது. (அவசரமென்றால் திரும்பி வந்து நிரப்பலாம். அந்த அளவுக்கு மனிதாபிமானம் உண்டு.) டைரியும் கையுமாக வந்து நின்ற என்னை முதல் நாளே அவருக்குப் பிடித்துப்போனது.

“மத்மசேல் பவித்ரா, நீ இங்க இருக்க வேண்டிய ஆளு” என்றார்.

சேர்ந்த மூன்றாவது வாரம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். பூஜைக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைக்கும் வேலை புதிதாகச் சேர்ந்தவர் தலையில் விழும். முசே தேவாலயத்துக்குப் போகிறவர்தான், ஆனால் பொரி கடலை விஷயத்தில் அவருக்கு மத வேறுபாடு கிடையாது. பூசணிக்காய் உடைக்கும்போது சல்யூட் அடித்தபடி நிற்பார். நான் குங்குமக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வாசல் கேட்டிலிருந்து ஆரம்பித்தேன். சாலிடரிங் அயர்ன், மின்விசிறி, டிரில், டீ ஃபிளாஸ்க், வருகைப் பதிவேடு, முசேயின் முத்திரைக் கட்டை, தட்டில் அடுக்கியிருந்த பன்னிரண்டு காயில்கள். எதையும் விடவில்லை. எண்ணிக்கை உட்பட டைரியில் எழுதினேன்: 214 பொட்டு.

“உட்டா என் மூஞ்சிக்கும் வச்சிடுவீங்க போல கீதே மேடம்” என்றார் சேகர் அண்ணன். கன்வெர்ட்டர்களைப் பூட்டிச் சோதிக்கிற டெக்னீஷியன். எனக்கு முன்னால் அங்கே இன்ஜினியர் என்று யாரும் இல்லை. அதற்குத் தேவை வராமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

பூஜை விடுமுறை முடிந்து வந்ததும் அம்மாவின் ஆட்கள் அந்தக் காயில்களை வழக்கப்படி வார்னிஷில் முக்கி, சூட்டடுப்பில் காயவைத்து எடுத்தார்கள். கம்பி அசையாமல் இருக்க அப்படிச் செய்வார்கள். வார்னிஷ் காய்ந்தால் கண்ணாடி மாதிரி மூடிக்கொள்ளும். உள்ளே இருப்பது எதுவானாலும் அப்படியே நிலைத்துவிடும். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பன்னிரண்டு காயில்களும் சாதாரணக் காயில்கள் அல்ல. நோணாங்குப்பத்தில் பேட்டரிப் படகு விடும் கலியபெருமாள் என்பவர் தன் படகுகளுக்குக் கன்வெர்ட்டர் கேட்டிருந்தார். அதற்காக முதன்முறையாக ஒரே கட்டியில் இரண்டு கம்பிகளைத் தனித்தனியாகச் சுற்றியிருந்தார்கள். பேட்டரி மின்சாரம் இரண்டாகப் பிரிந்து இரண்டு சுருள்கள் வழியாகவும் போகும். சுருளுக்கு ஒரு எலெக்ட்ரானிக் சுவிட்ச், நொடிக்கு ஒரு லட்சம் தடவை திறந்து மூடும். இதில் சூட்சுமம் ஒன்றுதான். இரண்டு சுருள்களின் காந்தமும் ஒன்றையொன்று எதிர்த்துக்கொண்டு இருக்க வேண்டும். முசேக்கு நான் இப்படி விளக்கினேன்: படகில் இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்தால் படகு ஆடாமல் நிற்கும். எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்தால் கவிழும். ஒரு சுருளைத் தலைகீழாக இணைத்துவிட்டால் இரண்டு காந்தமும் ஒரே பக்கம் சேர்ந்து, கட்டி திணறி, மின்சாரம் தறிகெட்டு ஓடி, சுவிட்ச் வெடிக்கும்.

எது தலை, எது கால் என்று தெரிவதற்காகச் சுருள் தொடங்கும் முனையில் ஒரு புள்ளி வைப்பார்கள். எங்கள் கம்பெனியில் அதற்குச் சிவப்பு நெயில் பாலிஷ். (பெரிய கம்பெனிகளில் என்னென்னவோ மை உண்டாம். எங்களுக்கு வார்னிஷுக்கும் அசையாத பொருளாகக் கடைத்தெருவில் கிடைத்தது இதுதான்.)

சேகர் அண்ணன் காயில் ஒன்றைப் போட்டு முதல் கன்வெர்ட்டரைப் பூட்டினார். முழு லோடில் நான்கு மணி நேரம் ஓடியது. கை வைத்தால் வெதுவெதுவென்று இருந்தது, அவ்வளவுதான். எல்லோரும் டீ குடித்தார்கள். அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

“அலோர், ஓடுது. சரி. ஏன் ஓடுது?” என்றார் முசே. “அதுக்குப் பப்பியே எங்க?”

அலோர் என்றால் ‘அப்போ சரி’, பப்பியே என்றால் காகிதம். ஒரு பொருள் ஓடுவதற்கான காரணத்தை எழுத்தில் பார்க்காமல் அதை வெளியே அனுப்ப அவருக்கு மனம் வராது. எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு இறக்கை முளைத்தது.

கன்வெர்ட்டரைத் திறந்து காயிலைப் பார்த்தேன். பலகையில் பசை போட்டு ஒட்டியிருந்தது. மேல்பக்கம் இரண்டு சிவப்புப் புள்ளிகள், சுருளுக்கு ஒன்றாக, அடுத்தடுத்து. தட்டில் இருந்த மற்ற பதினொன்றையும் பார்த்தேன். பதினொன்றிலும் அதே இடத்தில் அதே இரண்டு புள்ளிகள். திருப்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஒரு காயிலுக்கு வேண்டியது இரண்டு புள்ளி. மேலேயே இரண்டும் கிடைத்துவிட்டபோது அடியில் என்ன தேடுவது?

மூன்று வாரம் கணக்குப் போட்டேன். ஒரு சுருளில் மின்சாரம் ஏறினால் மற்றதில் என்ன ஆகும், சுவிட்ச் திறந்தால் என்ன, மூடினால் என்ன, இரண்டும் ஒரே நேரத்தில் மூடினால் என்ன என்று பக்கம் பக்கமாகச் சமன்பாடு. கடைசியில் விடை வந்தது. அந்தப் புள்ளிகளின்படி இரண்டு காந்தமும் ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தன. இந்தக் கன்வெர்ட்டர் முழு லோடு போட்ட நொடியிலேயே வெடித்திருக்க வேண்டும்.

எதிரே மேஜையில் அது ஓடிக்கொண்டிருந்தது.

அறிவுள்ள யாரும் இந்த இடத்தில் கணக்கைச் சந்தேகித்திருப்பார்கள். நான் மீட்டரைச் சந்தேகித்தேன். வேறு மீட்டர் வாங்கி வைத்தும் அதே அளவு காட்டியதால், மின்னலைகளைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பைச் சந்தேகித்து, அதைச் சோதித்துத் தரும்படி சென்னைக்கு பஸ்ஸில் அனுப்பிவைத்தேன். (கம்பெனியில் இருந்தது அது ஒன்றுதான்.) பிறகு மேட்டுப்பாளையத்துக்கு வரும் கரண்டைச் சந்தேகித்தேன். ஒரு முழு நாள் வங்காள விரிகுடாவின் உப்புக் காற்றைக்கூடச் சந்தேகித்ததாக டைரி சொல்கிறது. என்னை மட்டும் சந்தேகிக்கவில்லை. என்னிடம்தான் எல்லாம் எழுத்தில் இருந்ததே.

மதியச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

“அம்மா, இந்தக் காயில்ல ஒரு சுருள் தலைகீழா இருக்குது.”

“ஓடுதுல்ல?”

“ஓடுது. ஆனா ஓடக் கூடாது.”

“ஓடுற வண்டிய ஏண்டி ஓடக் கூடாதுன்ற?”

“கணக்குப்படி இது எரிஞ்சி போயிருக்கணும்.”

“எரியலயே.”

“அதாம்மா பிரச்சினையே.”

அம்மா சாம்பார் சாதத்தை விட்டுவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேகர் அண்ணனைப் பார்த்து, “இத்தினி வருசம் படிக்க வச்சதுக்கு எரியலன்னு வருத்தப்படுது பாரு” என்றாள்.

“மேடம், கணக்க ஒருவாட்டி திருப்பிப் போட்டுப் பாருங்களேன்” என்றார் சேகர் அண்ணன்.

நான் திருப்பிப் போட்டேன். அதே விடைதான் வந்தது. தவறான இடத்தில் ஆரம்பித்துச் சரியாகப் போட்டால் எத்தனை தடவை போட்டாலும் அதே விடைதான் வரும்.

நாற்பத்தொரு பக்க அறிக்கை. முப்பத்தெட்டாம் பக்கத்தில் இந்த வரிகள் இருக்கின்றன, பிரதி இன்றும் என்னிடம் இருப்பதால் மறுக்க வழியில்லை: “கன்வெர்ட்டர் தற்போது இயங்குவது தற்செயலே. அதை ஆதாரமாகக் கொள்ளலாகாது. பன்னிரண்டு காயில்களிலும் இரண்டாம் சுருள் தவறாகச் சுற்றப்பட்டுள்ளது. தவறு சீரானது என்பதால் இது கவனக்குறைவு அல்ல, பழக்கம்.”

பத்தொன்பது வருடம் சுற்றிய பெண்ணைப் பற்றி அவள் மகள் எழுதியது இது. எழுதும்போது அம்மாவைப் பற்றி எழுதுகிறேன் என்றே தோன்றவில்லை. சுற்றும் பிரிவைப் பற்றி எழுதுகிறேன் என்று நினைத்தேன்.

முசே நாற்பத்தொரு பக்கத்திலும் முத்திரை குத்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். அவருக்கும் வருத்தம்தான்.

“கோமதி, இத்தன வருசத்துல உன் காயில் ஒன்னு திரும்பி வந்ததில்ல. ஆனா இதப் பாரு. எழுத்துல இருக்குது. சுத்துறதுலயே தப்புன்னா நான் இன்னா பண்றது? சென்னையில ரெடிமேடா கெடைக்குது. செக்‌ஷன மூடிட்டு அதையே வாங்கிக்கலாம்னு எனக்குச் சொல்றாங்க.”

“நாங்க அப்பிடி வைக்கவே மாட்டோம் முசே. சுருளு தொடங்குற எடத்துலதான் புள்ளி. இதுல ஒன்னு மேல வரும், ஒன்னு அடியில போவும். அதான் கணக்கு.”

நான் திறந்த கன்வெர்ட்டரை அம்மா முன்னால் வைத்தேன். “ரெண்டும் மேலதாம்மா இருக்குது. நீயே பாரு.”

அம்மா குனிந்தாள். நிமிர்ந்தாள். கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு சிவப்புப் புள்ளிகள், அவள் சுற்றிய காயிலில், இரண்டும் மேலே. ஒட்டியிருந்ததைத் திருப்ப முடியாது, இரண்டும் மேலேயே இருக்கும்போது தட்டில் இருந்ததைத் திருப்ப அவளுக்கும் தோன்றவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

முடிவு இப்படி ஆனது: என் அறிக்கைப்படி இரண்டாம் சுருளின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றி இணைத்து, வரும் செவ்வாய்க்கிழமை கலியபெருமாளின் படகில் ஓட்டிக் காட்டுவது. ஓடினால் அறிக்கை சரி, சுற்றும் பிரிவு மூடப்படும். அந்த மூன்று பெண்களும் அன்று மாலை என்னைப் பார்த்து வழக்கம்போலச் சிரித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். அது எனக்கு ஏன் உறுத்தியது என்று டைரியில் எழுதவில்லை. நேரத்தை மட்டும் எழுதியிருக்கிறேன்.

அன்று வீட்டில் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “எனக்குக் கண்ணு போயிடுச்சோ இன்னாவோ” என்றாள். “கொஞ்ச நாளா ஊசியில நூலு கோக்க முடியல. பன்னெண்டுலயுமா தப்பு வைப்பேன்?”

அறிக்கையின் ஒரு பக்கத்தை யாரோ கிழித்தது மாதிரி இருந்தது. ஆனாலும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சனிக்கிழமை டாக்டர்கிட்ட காட்டிடலாம்மா” என்றேன். சனிக்கிழமை கூட்டிப்போய்க் காட்டி, நேரு வீதியில் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்து, திங்கள் மாலை வாங்கியும் வந்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. வாழ்க்கையில் என் அழிவுக்கு நானே நடையாய் நடந்து ஏற்பாடு செய்தது அந்த ஒரு தடவைதான்.

திங்களன்று சேகர் அண்ணன் முனைகளை மாற்றி இணைத்தார். சோதனைக்கு ஒரு நாற்பது வாட் பல்பு போட்டோம். அழகாக எரிந்தது.

“முழு லோடு போட்டுப் பாக்கலாம் மேடம். அந்தத் திரை மிசினு இருந்தா உள்ள இன்னா நடக்குதுன்னு தெரியும். அதையும் சென்னைக்கு அனுப்பிட்டீங்க.”

“கணக்கு போட்டாச்சுண்ணா” என்றேன். “லோடு போட்டு எதுக்கு?”

சேகர் அண்ணன் தன் பையில் எதையோ வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

செவ்வாய்க்கிழமை. படகு இல்லத்திலிருந்து கொஞ்சம் தள்ளி கலியபெருமாளின் துறை. ஆரஞ்சு நிற மிதவை உடைகளை மாட்டிக்கொண்டு ஐந்து பேரும் படகில் ஏறினோம். முசே சட்டைப் பையில் முத்திரைக் கட்டையும் மைப் பெட்டியும் வைத்திருந்தார். வெற்றியைத் தண்ணீரிலேயே பதிவு செய்துவிடும் எண்ணம். அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. “நான் சுத்துன காயிலு, நானும் வரேன்” என்று புதுக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“எனக்குக் காயிதம் கீயிதம் ஒன்னும் வாணாம் முசே” என்றார் கலியபெருமாள், சுக்கானைப் பிடித்துக்கொண்டு. “பாரடைஸ் பீச் போயிட்டு இதே பேட்டரியில திரும்பி வந்தாப் போதும்.”

10.52க்குப் புறப்பட்டோம். படகு மெதுவாக, சத்தமில்லாமல் போனது. நான் முசேயைப் பார்த்தேன், முசே தலையசைத்தார். அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 11.05க்குக் கழி அகலமானது. கலியபெருமாள் வேகத்தைக் கூட்டினார்.

கன்வெர்ட்டர் பெட்டி முதலில் முனகியது. பிறகு விசில் அடித்தது.

“இன்னாது, சோறு வெந்துடுச்சா?” என்றார் கலியபெருமாள்.

11.07க்கு உள்ளே பட்டென்று ஒரு சத்தம். தொடர்ந்து இன்னொன்று. பெட்டியின் எல்லா ஓட்டைகளிலிருந்தும் வெள்ளைப் புகை, மீன் வறுவல் கருகிய மாதிரி. பெட்டி இருந்தது இடது பக்கம். புகைக்குப் பயந்து ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வலது பக்கம் தாவினோம். படகு சாய்ந்தது. தண்ணீர் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்து எட்டிப் பார்த்தது.

“இப்பத்தாண்டி உன் கணக்கு எனக்குப் புரியுது” என்றாள் அம்மா, என் கழுத்தைக் கட்டிக்கொண்டே. “எல்லாரும் ஒரே பக்கம் உக்காந்தா கவுந்துடும்.”

முசே எழுந்து நின்று பிரெஞ்சில் ஆணையிட ஆரம்பித்தார். ராணுவத்தில் அது பலித்திருக்கலாம். எங்களில் ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாததால், ஆளுக்கு ஒரு திசையில் நகர்ந்தோம், படகு எல்லாத் திசையிலும் ஆடியது. ஓதம் வடிந்து தண்ணீர் கடலுக்குத் திரும்பும் நேரம். படகு தானாக முகத்துவாரம் பக்கம் போகத் தொடங்கியது. துடுப்பு ஒன்று இருந்தது. ஒற்றைத் துடுப்பால் கலியபெருமாள் ஒரு வட்டம் போட்டார். அந்த நேரம் பார்த்துக் கல்லூரிப் பிள்ளைகள் நிறைந்த படகு ஒன்று பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. எல்லோர் கையிலும் செல்போன்.

“அண்ணா, ஷூட்டிங்கா?” என்று கேட்டான் ஒருவன்.

“ஆமா, இவங்கதான் கதை வசனம்” என்று என்னைக் காட்டினார் சேகர் அண்ணன்.

கடைசியில் கழியோரம் வளர்ந்திருந்த மரவேர்களில் படகு போய்ச் சிக்கிக்கொண்டது. புகை அடங்கியது. எல்லோரும் மூச்சு வாங்கினார்கள். நான் டைரியை எடுத்து 11.19 என்று எழுதினேன்.

“எழுது, எழுது” என்றாள் அம்மா. “முழுகுனா அதையும் எழுது. சேகரு, அந்தப் பெட்டியத் தொறப்பா.”

சேகர் அண்ணன் திறந்தார். சுவிட்சுகள் இரண்டும் வாய் பிளந்திருந்தன. காயில் மட்டும் முழுசாக இருந்தது. சூட்டில் பசை இளகியிருந்ததால், திருகியதும் பலகையை விட்டு வந்துவிட்டது. அம்மா அதைத் தலைப்பால் பிடித்து, புதுக் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். மேல்பக்கம் பார்த்தாள். பிறகு, நான் மூன்று வாரத்தில் ஒரு தடவைகூடச் செய்யாத காரியத்தைச் செய்தாள். திருப்பிப் பார்த்தாள்.

“அடியில இன்னாடி இது?”

அடியில், இரண்டாம் சுருளின் முனையில், மினுமினுவென்று ஒரு சொட்டு நெயில் பாலிஷ். வைக்க வேண்டிய இடத்தில், பத்தொன்பது வருடப் பழக்கப்படி.

“அப்ப புள்ளி மூனா?” என்றார் சேகர் அண்ணன். “சுருளு ரெண்டுதானே?”

அம்மா மறுபடி மேல்பக்கம் திருப்பினாள். “நெயில் பாலிஷ்னா சொட்டாட்டம் நிக்கும். இது ஒன்னு அப்பிடி நிக்குது. இது ஒன்னு பொடிப்பொடியா கீது பாரு. சுத்தி மஞ்சளா வேற.” கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து வார்னிஷைக் கீறினாள். சிவப்புப் பொடி விரலில் உதிர்ந்தது. முகர்ந்தாள். அப்புறம் அம்மா செய்தது யோசித்துச் செய்ததல்ல, கை தானாகச் செய்தது. விரலை நெற்றிக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

நான்கு பேரும் அம்மாவின் நெற்றியைப் பார்த்தோம். அழகான, வட்டமான குங்குமப் பொட்டு.

வேரடியில் தண்ணீர் சலசலத்தது.

“காயிலுக்கு யாரு குங்குமம் வச்சது?” என்றார் முசே, ஒரு ராணுவ விசாரணையின் குரலில். “எழுத்துல எங்கயாவது இருக்குதா?”

இருந்தது. என் மடியில் இருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த டைரியில் இல்லாததைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பக்கத்தைப் புரட்டி, கரை தெரியாத திசையைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன்: “மாலை 4.20 முதல் 5.35 வரை. பொட்டு வைத்தேன். மொத்தம் 214. காயில் தட்டில் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் ஒரு சுருளுக்கு மட்டும் யாரோ பொட்டு வைத்துவிட்டுப் பாதியில் போயிருக்கிறார்கள். மற்றது மூளியாக இருந்தது. பன்னிரண்டிலும் அதே உயரத்தில் வைத்து நிறைவு செய்தேன்.”

“அதே உயரத்துல” என்றார் சேகர் அண்ணன்.

“ஸ்கேல் வச்சி அளந்தேன்” என்றேன். அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது?

முதலில் சிரித்தவர் கலியபெருமாள். துடுப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். படகு ஆடியது. அடுத்து சேகர் அண்ணன். முசே சிரிக்கவில்லை, தொப்பியைக் கழற்றி அம்மாவுக்கு முன்னால் லேசாகக் குனிந்தார். “பார்தோன், கோமதி” என்றார். அதற்கு என்ன அர்த்தமென்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். “அப்ப எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்ததா?” என்று மட்டும் கேட்டாள். “தெண்டத்துக்குக் கண்ணாடி வாங்கிக் குடுத்திருக்கியே.”

சேகர் அண்ணன் பையின் ஜிப்பை இழுத்தார். உள்ளே இன்னொரு கன்வெர்ட்டர். முந்தின நாளே, முனைகளை மாற்றாமல், தன் பழக்கப்படி பூட்டியது. “எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தாந்தேன்” என்றார். கால் மணி நேரத்தில் மாட்டினார். என் கணக்குப்படி ஓடக் கூடாத அந்தக் கன்வெர்ட்டர், ஐந்து பேரையும் இழுத்துக்கொண்டு, பாரடைஸ் பீச் வரை போய், ஓதத்துக்கு எதிராக அதே பேட்டரியில் கரைக்குத் திரும்பியது. விசில் இல்லை, முனகல் இல்லை. வழியெல்லாம் நான் ஒன்றும் எழுதவில்லை. டைரியில் அந்த ஒன்றேகால் மணி நேரம் வெறுமையாக இருக்கிறது.

“இந்தம்மா சுத்துறதா இருந்தா எல்லாப் படகுக்கும் குடுங்க” என்றார் கலியபெருமாள், துறையில் இறங்கியதும். “ரெடிமேடு கிடிமேடுன்னா எனக்கு வாணாம்.” முசே அங்கேயே மைப் பெட்டியைத் திறந்து ஒரு துண்டுத் தாளில் முத்திரை குத்தினார். சுற்றும் பிரிவு தப்பியது. பிறகு அங்கே நான்கு பேர் ஆறு பேராகவும் ஆனார்கள்.

அறிக்கையைத் திருத்தி எழுதச் சொன்னார் முசே. நாற்பத்தொரு பக்கத்தில் ஒரே ஒரு கூட்டல் கழித்தல் குறிதான் தவறு. அது நாற்பத்தொரு பக்கத்திலும் இருந்தது. முப்பத்தெட்டாம் பக்கத்தில் இப்போது “கன்வெர்ட்டர் இயங்குவது சுற்றும் பிரிவின் பழக்கத்தால்” என்று இருக்கிறது. ‘பழக்கம்’ என்கிற சொல்லை மாற்ற வேண்டியிருக்கவில்லை, வாக்கியத்தைத்தான் மாற்றினேன்.

இப்போது கம்பெனியில் பச்சை நெயில் பாலிஷ். குங்குமக் கிண்ணம் இருக்கும் அலமாரியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, மூன்று பிரதியில் ஒன்று: ‘பவித்ராவிடம் கொடுக்கக் கூடாது.’ முசே காலமான பிறகும் அதை யாரும் எடுக்கவில்லை. என் கல்யாணத்தில், மாப்பிள்ளை என் நெற்றியில் குங்குமம் வைக்கக் கையைத் தூக்கியபோது, பந்தலின் நான்காவது வரிசையிலிருந்து சேகர் அண்ணன் குரல் கேட்டது: “தம்பி, ஏற்கெனவே எங்கயாவது கீதான்னு பாத்துட்டு வைங்க. படகு நின்னுடும்.” ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்ன விஷயம் என்று கேட்க, சுற்றும் பிரிவின் ஆறு பெண்களும் அவருக்கு முழுக் கதையையும் சொன்னார்கள். முகூர்த்தம் ஆறு நிமிடம் தள்ளிப்போனது. குறித்து வைத்திருக்கிறேன்.

வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், அம்மா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, “அடியில பாத்தியா?” என்று கேட்பாள். தொலைந்த சாவிக்கும் அந்தக் கேள்விதான், பிள்ளையின் மார்க் ஷீட்டுக்கும் அதுதான். என் கணவரும் கற்றுக்கொண்டுவிட்டார். எட்டு வயது மகள் போன வாரம் தோசைக்கல் முன்னால் நின்று கேட்டாள். (பார்த்தேன். கருகியிருந்தது.)

அந்தக் காயில் இப்போது எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அம்மா அதை எடுத்துத் துடைத்து, ஒரு பொட்டு வைப்பாள். இந்த வருடமும் வைத்தாள். நான் டைரியை எடுத்து நேரத்தைக் குறித்தேன்.

“இன்னா எழுதுன?” என்றாள்.

“காயிலுக்குப் பொட்டு, சாயங்காலம் 4.20.”

“யாரு வச்சதுன்னும் எழுது” என்றாள் அம்மா. “நாளைக்குக் கணக்கு போட்டுக்கினு என்கிட்ட வரக் கூடாது.”